ஜிலேபிக் கெண்டைக்குப் பெயர் வந்த விதம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் மேலகரம் இருக்கிறது. அங்கே வயலும் குளமும் அறிந்த எவரைக் கேட்டாலும் ஜிலேபி மீனைத் தெரியும் என்பார். சிலர் அதைச் சிலேபி என்று சொல்வர். சிலர் ஜிலேபிக் கெண்டை என்று சேர்த்துச் சொல்வர். பலகாரத்தின் பெயர் மீனுக்கு ஏன் வந்தது என்று கேட்டால், உடம்பு வட்டமாக இருப்பதால் வந்தது என்று ஒருவர் சொல்வார்; ருசியாக இருப்பதால் வந்தது என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் சரியல்ல. பலகாரத்துக்கும் இந்த மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

பெயர் எதுவானால் என்ன, மீன் விலை போனால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. ஜிலேபி என்ற ஒரே பெயரில் இன்று இரண்டு வகை மீன்கள் வழங்குகின்றன. ஒன்று கைப்பிடி அளவுக்கு மேல் வளராமல் குளத்தை நிரப்பிவிடும். மற்றொன்று ஆறே மாதத்தில் அரைக் கிலோ எடைக்கு வரக்கூடியது. பெயரை மட்டும் கேட்டுக் குஞ்சு வாங்கி விட்டவருக்கு ஒரு பருவத்துத் தீவனமும் தண்ணீரும் உழைப்பும் வீணாகலாம். ஆகவே இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, வழியில் என்னென்ன மாறியது என்பதை மீன் வளர்ப்போர் தெரிந்துகொள்வது நல்லது.

ஆப்பிரிக்கச் சொல்

இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் திலாப்பியா என்று பெயர். ஆனால் அது ஆங்கிலச் சொல் அல்ல. ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென் ஆப்பிரிக்காவில் ராணுவ மருத்துவராக இருந்தவர். விலங்கினங்களை ஆராய்வதில் ஈடுபாடு உள்ளவர். அவர் 1834 முதல் 1836 வரை ஒரு குழுவுடன் தென் ஆப்பிரிக்காவின் உட்பகுதிகளில் பயணம் செய்து, கண்ட பிராணிகளை எல்லாம் குறித்து வைத்தார். அவற்றுள் ஒரு நன்னீர் மீனும் இருந்தது. அதற்கும் அதைப் போன்ற மீன்களுக்கும் 1840-ல் திலாப்பியா என்று இனப் பெயர் வைத்தார்.

அப்பகுதி மக்கள் பேசும் மொழி ட்ஸ்வானா. இன்றைய போட்ஸ்வானா நாட்டிலும் தென் ஆப்பிரிக்காவின் வடபகுதியிலும் அது பேசப்படுகிறது. அந்த மொழியில் 'த்லாப்பி' என்றால் மீன் என்று பொருள். குறிப்பிட்ட எந்த மீனையும் அது சுட்டாது. பொதுவாக மீன் என்பதுதான் அர்த்தம். அச்சொல்லுக்கு லத்தீன் வால் ஒன்றை ஒட்டி ஸ்மித் திலாப்பியா ஆக்கினார். அறிவியல் நூலிலிருந்து அது ஆங்கிலப் பேச்சுக்கு வந்து, பிறகு உலகமெங்கும் பரவிற்று.

வெள்ளைக்காரர்கள் மீன்களுக்கு இப்படி அந்தந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வது புதிதல்ல. நம் மீன் பண்ணைகளில் வளரும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் வட இந்தியாவிலும் வங்காளத்திலும் வழங்கிய பெயர்களே. ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தவை. ஆனால் கட்லா என்றால் வங்காளிக்கு ஒரு குறிப்பிட்ட மீன். திலாப்பியாவின் மூலச் சொல்லுக்கோ அப்படிக் குறிப்பான பொருள் எதுவும் இல்லை. குழப்பம் அங்கேயே ஆரம்பமாகிவிட்டது.

நைல் நதியிலும் ஜாவாவிலும்

ஸ்மித் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் குடும்பத்து மீன்களை மனிதர் அறிந்திருந்தனர். எகிப்தில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்திய கல்லறைச் சித்திரங்களில் நைல் நதித் திலாப்பியா காணப்படுகிறது. எகிப்தியர் இன்றும் அதை 'புல்ட்டி' என்கின்றனர். பாலஸ்தீனத்தில் கலிலேயாக் கடல் என்னும் நன்னீர் ஏரியில் கிடைக்கும் இவ்வின மீனுக்கு அரபு மொழியில் 'முஷ்ட்' என்று பெயர். முஷ்ட் என்றால் சீப்பு. முதுகுத் துடுப்பு சீப்பின் பற்களைப் போல் நிமிர்ந்து நிற்பதால் அந்தப் பெயர். மேல்நாட்டார் அதையே 'பேதுருவின் மீன்' என்று அழைக்கின்றனர். பேதுரு பிடித்த மீனின் வாயில் வெள்ளிக்காசு இருந்ததாகக் கூறும் விவிலியக் கதையை ஒட்டி வந்த பெயர் இது.

நம் குளங்களுக்கு முதலில் வந்து சேர்ந்த வகை நைல் நதியுடையது அல்ல. அது கிழக்கு ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் நாட்டு நீர்நிலைகளைச் சேர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் அதை 1852-ல் விவரித்து, அந்நாட்டின் பெயரையே வைத்தார். 1939-ல் அதே மீன் இந்தோனேசியாவில் ஜாவாத் தீவின் தென்கரையில் ஒரு முகத்துவாரத்தில் தென்பட்டது. அங்கே முஜாயிர் என்ற உள்ளூர்க்காரர் அதைப் பிடித்து, உப்பு நீரிலிருந்து படிப்படியாக நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். இந்தோனேசியாவில் இன்றும் அந்த மீனுக்கு முஜாயிர் என்றே பெயர். வளர்த்தவர் பெயரே மீனுக்கு நிலைத்துவிட்டது. ஜாவாவில் பெருகிய பின்பு அது ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் கொண்டுபோகப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு வந்தது

இந்தியாவுக்கு மொசாம்பிக் திலாப்பியா 1952-ல் கொண்டுவரப்பட்டது. உணவுப் பற்றாக்குறை இருந்த காலம் அது. மலிவான புரதம் வேண்டும். குளங்களும் அணைகளும் சும்மா கிடக்கின்றன. எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும் மீன் இது என்பதே அப்போதைய எண்ணம். எண்ணத்தில் தவறில்லை. இலங்கையின் பழைய ஏரிகளில் ஏறக்குறைய அதே சமயத்தில் விடப்பட்ட இம்மீன், அங்கே உள்நாட்டு மீன்பிடிப்புக்கே முதுகெலும்பாக அமைந்தது.

இந்தியாவில் விளைவு வேறு விதமாக இருந்தது. குளங்களில் அது மளமளவென்று பெருகியது; ஆனால் வளரவில்லை. கூட வளர்ந்த மற்ற மீன்களின் இரையையும் தின்றது. இதனால் 1959-ல் இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதைப் பரப்பக் கூடாது என்று தடை விதித்தது. அதற்குள் மீன் பரவிவிட்டது. 1960-களின் முடிவுக்குள் தமிழ்நாட்டு அணைகளில் பெரும்பாலானவற்றில் இது விடப்பட்டிருந்தது. அணையிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்திலிருந்து மறுகால் என்று அது தானாகவே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

திருக்குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் மேலகரத்துக்காரர். அவர் வாழ்ந்த 18-ம் நூற்றாண்டில் இப்பகுதித் தண்ணீரில் இந்த மீன் இல்லை. இன்று மூன்று தலைமுறையாகப் பார்த்துப் பழகிவிட்டதால், பலர் இதை நாட்டு மீன் என்றே நினைக்கின்றனர்.

பலகாரமானது எப்படி?

வேற்றுமொழிச் சொல் வாய்க்கு வராதபோது, பழகிய சொல் ஒன்றின் ஓசைக்கு அதை இழுத்துக்கொள்வது மக்கள் வழக்கம். திலாப்பியா என்பதை ஆங்கிலம் படித்தவர்கள் 'திலேப்பியா' என்றும் உச்சரித்தனர். திலேப்பியா சிலேபியாகி, சிலேபி ஜிலேபியாயிற்று. ஜிலேபி என்ற பலகாரம் எல்லாருக்கும் தெரிந்தது; ஆகவே சொல் நிலைத்துவிட்டது. அந்தப் பலகாரத்தின் பெயரும் 'ஸலாபியா' என்ற அரபுச் சொல்லின் வழியில் வந்ததுதான். ஆக, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெயரும் அரபு நாட்டிலிருந்து வந்த ஒரு பெயரும் தமிழ்நாட்டுக் குளக்கரையில் ஒன்றாகிவிட்டன.

பின்னால் ஒட்டிய கெண்டை என்ற சொல் இன்னொரு குழப்பம். புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை, சாதாக் கெண்டை ஆகியவை உண்மையிலேயே கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. திலாப்பியா அந்தக் குடும்பம் அல்ல. செங்கோட்டைக்கு மேற்கே கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீனே இதற்கு நம் பக்கத்து உறவு. வீட்டுச் சமையலிலேயே வித்தியாசம் தெரியும். கெண்டை மீன்களில் சதைக்குள் நுண்முட்கள் இருக்கும்; ஜிலேபியில் அவை இல்லை. முதுகுத் துடுப்பைத் தொட்டாலும் தெரியும். ஜிலேபியின் துடுப்பில் வரிசையாக முட்கள் உண்டு. கவனமின்றிப் பிடித்தால் கையைக் குத்திவிடும்.

புல் கெண்டை என்ற பெயரைக் கேட்டதும் அது புல் தின்னும் என்று புரிகிறது. குளத்தில் களை இருந்தால் அதை விடலாம் என்று விவசாயி முடிவு செய்ய அந்தப் பெயரே உதவுகிறது. ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோ அந்த மீன் என்ன தின்னும், எப்படிப் பெருகும், எவ்வளவு வளரும் என்று எதையும் சொல்வதில்லை.

வாயில் குஞ்சு சுமக்கும் மீன்

பெயர் சொல்லாததை அதன் குணத்தில் பார்க்க வேண்டும். ஆண் மீன் குளத்தின் அடியில் வட்டமாகக் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே முட்டைகளை வாயில் எடுத்துக்கொள்ளும். முட்டை வாய்க்குள்ளேயே பொரியும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடிவிடும். அந்நாட்களில் தாய் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை.

கட்லாவும் ரோகுவும் பல லட்சம் முட்டையிடும். ஆனால் அவை தேங்கிய குளத்தில் இனப்பெருக்கம் செய்வதில்லை. ஜிலேபி சில நூறு முட்டைதான் இடும். ஆனால் காவல் இருப்பதால் பெரும்பாலானவை பிழைக்கும். பிறந்த இரண்டு மூன்று மாதத்திலேயே, நாலு விரல் அளவு இருக்கும்போதே, அது தாயாகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு தடவை முட்டையிடும். ஆறு மாதத்தில் தாய், மகள், பேத்தி எல்லாம் ஒரே குளத்தில் இரைக்குப் போட்டி போடும். இரை போதாமல் எல்லாம் குட்டையாக நின்றுவிடும். வலை நிறைய மீன் இருக்கும். விலைக்குப் போகும் மீன் இராது. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் நஷ்டப்படுவது இப்படித்தான்.

இந்தக் குணத்தை வைத்தே அறிவியலார் பெயரையும் திருத்தினர். எதெல் ட்ரெவாவஸ் என்ற ஆங்கிலப் பெண் அறிஞர் இம்மீன்களை நீண்ட காலம் ஆராய்ந்து 1983-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தரையில் முட்டையிட்டுக் காக்கும் மீன்கள் மட்டும் திலாப்பியா. தாய் வாயில் சுமப்பவை 'ஓரியோக்ரோமிஸ்' என்று அவர் பிரித்தார். நாம் வளர்ப்பதும் உண்பதும் இரண்டாவது வகை. அதாவது ஜிலேபி என்ற பெயருக்கு மூலமான திலாப்பியா என்ற பெயரே அறிவியல் கணக்குப்படி இன்று இந்த மீனுக்கு உரியதல்ல. பேச்சு வழக்கில் மட்டுமே அது தொடர்கிறது.

'கிஃப்ட்' என்றால் பரிசு அல்ல

இப்போது சந்தையில் புதிதாக வழங்கும் பெயர் 'கிஃப்ட் திலாப்பியா'. பெயரைக் கேட்டு, பரிசுத் திட்டத்தில் அரசு இலவசமாகக் கொடுக்கும் மீன் என்று நினைப்பவரும் இருக்கக்கூடும். அது அப்படியல்ல. 'மரபு மேம்படுத்திய பண்ணைத் திலாப்பியா' என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளே கிஃப்ட்.

இந்த ரகத்துக்கான வேலை 1988-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் தொடங்கியது. எகிப்து, கானா, கென்யா, செனகல் ஆகிய நாடுகளிலிருந்து நைல் திலாப்பியா கொண்டுவரப்பட்டது. ஆசியாவில் முன்பே வளர்த்த வகைகளுடன் அதைச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்பவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தனர். நல்ல நெல் விதையைக் கதிர் பார்த்துப் பொறுக்கி எடுப்பது போன்ற முறைதான் இது. வேறு உயிரின் மரபணு எதுவும் இதில் புகுத்தப்படவில்லை.

இந்தியாவில் 2009-க்குப் பின் கட்டுப்பாடுகளுடன் திலாப்பியா வளர்ப்புக்கு மத்திய அரசு வழி திறந்தது. ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடா அருகே கிஃப்ட் ரகத்தைப் பேணிக் குஞ்சு உற்பத்தியில் இறங்கியது. ஆண் மீன்களை மட்டும் அல்லது இனப்பெருக்கம் செய்யாத மீன்களை மட்டுமே வளர்க்கலாம் என்பது முக்கியமான நிபந்தனை. ஆண் மீன் வேகமாக வளரும். பெண் இல்லாவிட்டால் குளம் குஞ்சுகளால் நிரம்பாது. குஞ்சுப் பருவத்தில் முதல் மூன்று நான்கு வாரம் தீவனத்தில் ஹார்மோன் சேர்த்துக் கொடுத்து ஆண் குஞ்சுகளாக்குகின்றனர். இவற்றை 'மோனோசெக்ஸ்' குஞ்சு என்கிறார்கள்.

குஞ்சு வாங்கும்போது

ஆகவே குஞ்சு வாங்கப் போகிறவர் 'ஜிலேபிக் குஞ்சு' என்று மட்டும் கேட்கக் கூடாது. கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, மொசாம்பிக் வகையா, நைல் வகையில் கிஃப்ட் ரகமா? இரண்டாவது, ஆண் குஞ்சு மட்டுமா, கலப்பா? மூன்றாவது, குஞ்சு எந்தப் பொரிப்பகத்தில் உற்பத்தியானது, அதற்கு அனுமதி உண்டா? ரசீதில் ரகத்தின் முழுப் பெயரையும் எழுதி வாங்குவது நல்லது. திலாப்பியா வளர்க்க மீன்வளத்துறையின் அனுமதியும் வேண்டும் என்பதால், குஞ்சுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வளர்ந்த மீனைப் பார்த்து வகை கண்டுபிடிக்கவும் வழி உண்டு. நைல் வகையின் வால் துடுப்பில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரிகள் தெளிவாகத் தெரியும். மொசாம்பிக் வகையில் அப்படித் தெளிவான வரிகள் இரா. இனப்பெருக்கக் காலத்தில் அதன் ஆண் மீன் கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு ஓரங்கள் சிவந்திருக்கும். இரண்டும் கலந்து பிறந்தவற்றில் இந்த அடையாளங்கள் மங்கிவிடும். சிறு குஞ்சுகளிலோ கண்ணால் பார்த்து வேறுபாடு காண்பது கடினம். அதனால்தான் குஞ்சு வாங்கும் இடத்திலேயே பெயரைக் கேட்டுத் தெளிவது அவசியமாகிறது.

குளத்தில் ஏற்கெனவே இருந்தால்

சொந்தப் பண்ணைக் குட்டையில் பழைய ஜிலேபி புகுந்திருந்தால், கட்லா, ரோகு குஞ்சுகளை விடுவதற்கு முன் அதை ஒழித்துவிட வேண்டும். கோடையில் குட்டையை அடியோடு வற்றவிட்டு, தரை வெடிக்கும்வரை காயவிடுவதே சிறந்த முறை. ஓரத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலும் அதில் சில மீன்கள் தப்பிவிடும்.

வற்றவைக்க முடியாவிட்டால் இலுப்பைப் பிண்ணாக்கு இடலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் உள்ள ஓர் ஏக்கர் குட்டைக்குச் சுமார் 1,000 கிலோ தேவைப்படும். பிண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்துக் குட்டை முழுதும் பரவலாகத் தெளிக்க வேண்டும். செத்து மிதக்கும் மீன்களை அகற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்தே புதுக் குஞ்சு விட வேண்டும். அதற்குள் நஞ்சு முறிந்து, பிண்ணாக்கு குட்டைக்கு உரமாகிவிடும். இலுப்பைப் பிண்ணாக்கு எல்லா மீனையும் கொல்லும். ஆகவே ஊர்ப் பொதுக் குளத்திலோ ஓடும் வாய்க்காலிலோ இதை இடக் கூடாது.

குட்டையில் விரால் விடுவதும் ஒரு வழி. விரால் நாட்டு மீன், விலையும் அதிகம். ஜிலேபிக் குஞ்சுகளைத் தின்றே அது வளரும். ஆனால் சிறிய கட்லா, ரோகு குஞ்சுகள் இருக்கும் குட்டையில் விரால் விட்டால் அவற்றையும் சேர்த்துத் தின்றுவிடும்.

தண்ணீர் வரும் மடையிலும் போகும் வழியிலும் கண் நெருங்கிய வலை கட்ட வேண்டும். வாயில் குஞ்சுகளைச் சுமந்த ஒரு தாய் மீன் நுழைந்தால் போதும், அடுத்த பருவத்தில் குட்டை முழுவதும் அதன் வமிசமாக இருக்கும்.

ஆற்றுக்குப் போகாமல்

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரியில் தாமிரபரணியில் சேருகிறது. வழியில் கால்வாய்களும் குளங்களும் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்திருக்கின்றன. பிசானப் பருவத்து மழையில் ஒரு குளம் மறுகால் பாய்ந்தால், அதில் உள்ள மீன் அடுத்த குளத்துக்கும் பிறகு ஆற்றுக்கும் போகும். எனவே மேலகரத்தில் ஒருவர் தம் குட்டையில் விடும் குஞ்சு அவருடைய குட்டையோடு நின்றுவிடும் என்று சொல்ல முடியாது.

தாமிரபரணிக்கே உரிய சிறு மீன்கள் உண்டு. அவற்றுள் ஒரு கெண்டைக்கு இ. ஜி. சைலஸ் என்ற மீனியல் அறிஞர் 1954-ல் ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராக வைத்தார். இயற்கையாக அது வாழ்வது இந்த ஆற்றை நம்பித்தான். ஜிலேபிக்கோ உலகமெங்கும் வீடு இருக்கிறது. இரை, இடம் இரண்டுக்கும் போட்டி வந்தால் இழப்பு யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஜிலேபி கெட்ட மீன் அல்ல. முள் தொந்தரவு இல்லாத, ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும் நல்ல உணவு அது. சரியான ரகத்தை, கரை உயர்த்தி வலை கட்டிய குட்டையில், முறைப்படி வளர்ப்பவருக்கு லாபமும் தரும். ட்ஸ்வானா மொழியில் வெறுமனே மீன் என்று பொருள்பட்ட சொல், ஊர் ஊராகச் சுற்றி நம்மிடம் ஜிலேபியாக வந்திருக்கிறது. சமையலறைக்கு அந்தப் பெயர் போதும். குஞ்சு வாங்கும் இடத்தில் மட்டும் அது போதாது. அங்கே ரகம் எது, ஆண் குஞ்சு மட்டுமா, எங்கே பொரித்தது என்ற மூன்றையும் கேட்டறிந்து வாங்கினால், ஆறு மாதம் கழித்து வலை இழுக்கும்போது ஏமாற்றம் இராது.